காதோர எலும்புக்குள் ஒரு மலைப்பாதை

கே: விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறோம். போடிமெட்டுக் காற்று காதில் பட்டால் வாய் கோணிக்கொள்ளுமாமே?

ப: காற்றின்மேல் பழி போடச் சாட்சி போதவில்லை. ஹெர்பிஸ் வகை வைரஸ் முக நரம்பை வீங்கவைக்கிறது என்பதே மருத்துவர்களின் வலுவான சந்தேகம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் தூங்கியவரும் வாய் கோணி எழுந்திருப்பதுண்டு. துண்டு கட்டுவது குளிருக்கு நல்லது, தாராளமாகக் கட்டுங்கள்.

கே: கோணுவது வாய். டாக்டர் ஏன் காதைப் பார்க்கிறார்?

ப: வாயை அசைக்கும் நரம்பு காது வழியாகத்தான் வருகிறது. மூளையிலிருந்து கிளம்பி, காதோர எலும்புக்குள் ஒரு குழாயில் சுமார் 3 செ.மீ. ஓடி, காது மடலுக்குக் கீழே வெளியேறி முகத்தில் கிளை விரிக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் குழாயை விவரித்தவர் இத்தாலியின் ஃபலோப்பியோ. காதில் கொப்புளமோ சீழோ இருந்தால் நோயும் வேறு, மருந்தும் வேறு. அதனால்தான் டாக்டர் எட்டிப் பார்க்கிறார்.

கே: அந்தக் குழாயிலும் கொண்டை ஊசி வளைவு உண்டா?

ப: போடிமெட்டுச் சாலைக்கு 17, நரம்புக்கு இரண்டே வளைவு. ஆனால் தொடக்கத்தில் பாதை 1 மி.மீ. அகலம்கூட இல்லை. எதிரே லாரி வந்தால் ஜீப் ஒதுங்க மண்ணோரம் இருக்கும். இங்கே நாலாபுறமும் எலும்பு. நரம்பு வீங்கினால் சுவர் இம்மியும் விலகாது. நரம்பு நசுங்கும், அந்தப் பக்கத்து முகம் செயலிழக்கும்.

கே: ஏலக்காய் டீ மணக்கிறது, ஆனால் நாக்கில் ஒரு பக்கம் இனிப்பே தெரியவில்லை. ஏன்?

ப: மணம் மூக்கின் இலாகா. நாக்கின் முன்பகுதிச் சுவையைச் சுமக்கும் இழையோ அதே எலும்புக் குழாய் வழியாகப் போகிறது. நெரிசலில் அதுவும் மாட்டிக்கொண்டது.

கே: இது பக்கவாதமா?

ப: புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். கோணிய பக்கத்து நெற்றியும் சுருங்காவிட்டால் பெரும்பாலும் இந்த நரம்புக் கோளாறுதான். நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. சந்தேகம் இருந்தாலும் 108.

கே: பலூன் ஊதினால் சரியாகுமா?

ப: சிகிச்சையே இல்லாமல் பத்தில் ஏழு பேருக்கு முழுதாகச் சரியாகிவிடும். பலூனுக்குப் பெயர் கிடைப்பது அப்படித்தான். மீதி மூன்று பேரில் ஒருவராகிவிடாமல் இருக்க, 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். 2007-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், பிரெட்னிசலோன் சாப்பிட்டவர்களில் 94 சதவீதம் பேர் 9 மாதத்தில் குணமானார்கள். சாப்பிடாதவர்களில் 82 சதவீதம். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும்.

மூடாத கண்தான் பெரிய கவலை. காய்ந்தால் கருவிழி புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும்.

ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். வாய் கோணிய அன்றே போடி அரசு மருத்துவமனைக்கோ, தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.