கருவாட்டு வெயில்

உவரிக் கடற்கரையில் அம்மா கருவாடு காயப்போடுவாள். காக்கா விரட்டுவது என் வேலை. 1970-களின் நடுவில் எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். மணலில் பழைய வலையை விரித்து நெத்திலியைப் பரப்புவாள். உப்பில் ஊறிய வாளையைக் கயிற்றில் தொங்கவிடுவாள். காலையில் போட்ட இடத்திலேயே மத்தியானம்வரை எதுவும் கிடக்காது. பனை நிழல் நகர நகர வலையை இழுத்து இழுத்து மாற்றுவாள். எந்த மாதத்தில் எந்தப் பனையின் நிழல் எந்தப் பக்கம் சாயும், எத்தனை எட்டு வரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஐப்பசி மூட்டத்தில் ஒரு நாள் வெயில் தப்பினால் மீன் புழுத்துவிடும். ஒரு வாரப் பாடு மண்ணோடு போகும்.

ராத்திரிக்கு ரேஷன் மண்ணெண்ணெய். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து வைப்பது சாயங்கால வேலை. பகல் முழுக்க மீனைக் காயவைத்த வெயிலில் ஒரு துளியைக்கூட ராத்திரிக்கு எடுத்து வைக்க வழியில்லாமல் இருந்தது. எங்கள் ஊர் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் மார்கழிக் காலை வெயில் லிங்கத்தின் மேல் விழும் என்று சொல்வார்கள். மார்கழியில் சூரியன் கடலில் எந்த இடத்தில் எழும்பும் என்பது கோயில் கட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது, கருவாடு போட்ட அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

2012-ஐத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்டு இருக்காது. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள். இந்தப் பக்கம் கூடங்குளத்தில் முதல் அணு உலை கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. அதை எதிர்த்து இடிந்தகரையில் கடற்கரை மக்கள் பந்தல் போட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். (அந்த உலையின் மின்சாரம் தொகுப்பில் சேர்ந்தது 2013 அக்டோபர் 22-ல்.) காற்றாலைகள் ஓடும் வைகாசி முதல் ஆவணி வரை வெட்டு சற்றுக் குறையும். புரட்டாசியில் காற்று நின்றதும் மறுபடி இருட்டு. என் பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. ராத்திரி முழுக்க ஓலை விசிறியால் வீசிக்கொண்டே இருப்பாள்.

நான் அறிவியல் வாத்தியார். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதன்முதலாகப் பயன்படக்கூடிய சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செய்தார்கள், விழுந்த வெயிலில் ஆறு சதவீதத்தை அது மின்சாரமாக்கியது என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். ஒரு பேனலைக் கையால் தொட்டதில்லை. அந்த வருடம் ஆடியில் திருநெல்வேலிக்குப் போய் 100 வாட் பேனல் ஒன்று, 75 ஆம்பியர்-மணி பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட்டில் ஓடும் ஃபேன், இரண்டு எல்.இ.டி. பல்புகள் வாங்கினேன். பேனலுக்கு மட்டும் ஏழாயிரம் ரூபாய். பாயில் சுற்றி, திசையன்விளை வழியாக பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

மொட்டை மாடியின் தென்மேற்கு மூலையில் இரும்பு ஆங்கிளை நிறுத்தினேன். உவரி பூமத்திய ரேகைக்கு எட்டேகால் டிகிரி வடக்கே இருக்கிறது. ஆகவே பேனலைத் தெற்குப் பார்த்துப் பத்து டிகிரி சாய்த்தால் போதும். மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு வழிவதற்கும் அந்தச் சாய்வு வேண்டும். சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும். இதையெல்லாம் தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சுவரில் துளை போடப் போகும்போது அம்மா படியேறி வந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள்.

“இந்த இடம் ஆவாதுலே.”

“ஏம்மா?”

“இப்போ நிழலு தெக்க விழுது. மார்கழில அந்தப் பனை நிழலு வடக்க சாயும். மத்தியானத்துக்கு மேல இங்கதான் வந்து விழும். ஒரு ஓலை நிழலு போதும் மக்கா, காயாது.”

அவள் கருவாட்டுக்குச் சொன்னாள். பேனலுக்கு அது இன்னும் கடுமையாகப் பொருந்தும். பேனலுக்குள் மின்கலங்கள் சங்கிலி போலத் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதிலும் ஓட்டம் சுருங்கிவிடும். உள்ளே இருக்கும் பைபாஸ் டையோடு காப்பாற்றுவது கொஞ்சம்தான். சூரியன் வடக்கே போவதைக் கணக்குப் போட்ட நான், பனை இருப்பதைப் பார்க்கவில்லை. அந்த இடத்தை விட்டு வடகிழக்கு மூலைக்குப் போனேன். மார்கழி வந்தது. அம்மா காட்டிய இடத்தில், அவள் சொன்ன நேரத்தில், பனையின் தலை கறுப்பாக விழுந்து கிடந்தது.

மூலை மாறியதால் வயர் நீண்டது. பேனலிலிருந்து பேட்டரிவரை பன்னிரண்டு மீட்டர். வீட்டில் கிடந்த ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரையே போட்டேன். பேட்டரி நிறையவே இல்லை. இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் காணாமல் போயிருந்தது. 230 வோல்ட்டில் ஒன்றரை போனால் ஒன்றுமில்லை. 12 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்கு. ஆறு சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கி மாற்றியபிறகுதான் பேட்டரி நிமிர்ந்தது.

உப்பு எனக்குச் சொல்லித்தந்த பாடம் அதைவிடப் பெரியது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் நட்டு, போல்ட்டெல்லாம் காவி பூத்துவிட்டன. பெரியப்பா படகு வேலை தெரிந்தவர். விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “கடக்கரையில வெறும் இரும்ப நம்பலாமாலே? படகுக்குப் போடுத எஸ்.எஸ். போல்ட்டப் போடு, கிரீஸத் தடவு” என்றார். கேட்கும்போதே 316 என்று எண் சொல்லிக் கேட்கவேண்டும்; உப்புக் காற்றில் நிற்பது அதுதான். அலுமினியச் சட்டமும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும் என்பதால் நடுவில் ரப்பர் துண்டு வைத்தேன். கடற்காற்றில் பேனல் கண்ணாடிமேல் உப்பும் தேரி மணலும் சேர்ந்து படலமாகப் படியும். அதை நல்ல தண்ணீரால் விடியற்காலையில் கழுவவேண்டும். உச்சி வெயிலில் சூடேறிய கண்ணாடிமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, விரிசல் விடக்கூடும்.

2012 புரட்டாசியில் காற்று நின்று தெரு முழுக்க இருண்டபோது எங்கள் வீட்டில் இரண்டு பல்புகள் எரிந்தன. அம்மாவின் தலைமாட்டில் ஃபேன் சுற்றியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் செல்போனைச் சார்ஜுக்குத் தந்துவிட்டுப் போவார்கள். பேட்டரி ஐந்து வருடத்தில் தளர்ந்தது. இரண்டாவதும் போனபின் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது கரண்டும் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. மூட்டத்தில் பேனல் தந்தது சொற்பம். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரே ஒரு பல்பை எரித்தோம். அந்த ஒரு பல்புதான் அம்மாவுக்கு அந்த ராத்திரிகளில் துணை.

2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்தது. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். மானியம் வேண்டுமென்றால் பதிவு பெற்ற நிறுவனம்தான் மாட்டவேண்டும். நாமே மாட்டிக்கொள்ள முடியாது. பேனலும் அதனுள் இருக்கும் மின்கலமும் இந்தியாவில் செய்தவையாக இருக்கவேண்டும். இன்று நம் மாவட்டத்துக் கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே டாடா குழுமத்தின் 4.3 கிகாவாட் ஆலை அவற்றைச் செய்கிறது. நான் ஒரு பேனலை மடியில் வைத்துக்கொண்டு வந்த அதே திருநெல்வேலிப் பக்கம் என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

எங்கள் வீட்டுக்கும் ஆறு பேனல்கள் வந்தன. ஒவ்வொன்றும் 540 வாட். நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் தருகிறது. மின்கட்டணம் பெருமளவு குறைந்துவிட்டது. அது நல்ல திட்டம், போடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் தென்மேற்கு மூலையிலும் இரண்டு பேனல்களை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். நட்டெல்லாம் சாதாரண இரும்பு. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, மாடி ஏற முடியாது. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. நட்டுகளை நானே மாற்றினேன். மார்கழி மத்தியானங்களில் அந்த இரண்டு பேனல்களிலும் பனை நிழல் விழுகிறது.

அந்தப் பேனல்கள் வந்த வருடம் ஐப்பசியில் ஒரு நாள். ராத்திரி பெய்த மழை விடிவதற்குள் வெறித்து, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். டிரான்ஸ்பார்மர் பழுதாகி ஊருக்கே கரண்டு இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. அம்மா திண்ணையில் வேர்த்து உட்கார்ந்திருந்தாள்.

“வெயிலு அடிக்கி. மேல ஆறு பேனலு கெடக்கு. ஃபேன் ஏன்லே சுத்தல?”

விளக்கிச் சொன்னேன். இந்தப் பேனல்கள் ஊர் லைனோடு சேர்ந்து ஓடுபவை. லைனில் கரண்டு நின்றால் இன்வெர்ட்டரும் உடனே தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் நம் வீட்டு மின்சாரம் லைனுக்குள் ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொன்றுவிடும்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “போஸ்ட்ல ஏறுத பிள்ள உசுரு பெருசுதான். நிக்கட்டும்” என்றாள். பிறகு, “அந்தப் பழசு என்னாச்சு?” என்றாள்.

பழசு வடகிழக்கு மூலையில் இருந்தது. புதியது வந்தபின் வயரைக் கழற்றிப் போட்டிருந்தேன். அன்றே மறுபடி கோத்தேன். ஊர் லைனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அரை மணி நேரத்தில் அம்மாவின் தலைமாட்டு ஃபேன் சுற்றியது. இப்போதும் அவள் அறை அந்த 100 வாட்டில்தான் ஓடுகிறது.

கடற்கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேனல் போட வருகிறவர் கையெழுத்து கேட்கும்போது, “ஊரில் கரண்டு போனால் இது எரியுமா?” என்று கேளுங்கள். எரியாது என்றால், பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்குக் காசு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் மட்டும் தனியாக ஒரு சின்ன பேனலும் பேட்டரியும் வையுங்கள். நட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வீட்டில் கருவாடு காயப்போட்ட கை ஒன்று இருந்தால், துளை போடும் முன் மாடிக்குத் தூக்கிக்கொண்டாவது போய், மார்கழியில் நிழல் எங்கே விழும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.