கூட்டம் வருமுன் காப்போர்

மார்கழி முதல் தேதியிலிருந்து காணும் பொங்கல் வரை, சென்னையில் எந்த வாசல் திறப்பதாக இருந்தாலும், அது திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். தலையில் அரக்குக் கலர் மங்கி குல்லா, கையில் துணிப்பை. பின்னால் அவருடைய குடும்பம் பாதித் தூக்கத்தில் நிற்கும். இவரே கூட்டம் வருமுன் காப்பவர். பெரும்பாலும் குடும்பத்தில் பெரியப்பா முறை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருப்பவர்களிலும் இந்தக் குணம் காணப்படுவதுண்டு. ஆனால் அது முழு வளர்ச்சி அடைவது பென்ஷனுக்குப் பிறகுதான்.

இவர் டிசம்பரில் வெளிப்படுவதற்குக் காரணம் உண்டு. டிசம்பர் நடுவில் வடகிழக்குப் பருவமழை ஓய ஆரம்பிக்கும். விடிகாலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும்; சென்னைக்காரர்கள் அதைக் குளிர் என்று சொல்லி மகிழ்வார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடும். சபா, தேவாலயம், பொருட்காட்சி, புத்தகக் காட்சி, பொங்கல் எல்லாம் ஒரே மாதத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். மதுரையிலிருந்தும் நியூஜெர்ஸியிலிருந்தும் உறவினர்கள் வந்து இறங்குவார்கள். வந்தவர்கள் எல்லோரும் எல்லா இடத்துக்கும் போவார்கள் என்பதும் உண்மை. ஆகவே இவருடைய பயம் நியாயமானதே. அதற்கு இவர் செய்யும் ஏற்பாடுதான் தாங்க முடியாதது.

ஏற்பாடு முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்பக்கத்திலிருந்து கணக்குப் போடுவதில் தொடங்கும். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை எடுத்துக்கொள்ளலாம். 1855-இல் நகருக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, இடம் போதாமல் 1985-இல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அதன் பரப்பு சுமார் 602 ஹெக்டேர். ஊரே உள்ளே போனாலும் மரங்களுக்கிடையே கரைந்துவிடும். இதையெல்லாம் இவரிடம் சொல்லிப் பயனில்லை. பூங்கா 9 மணிக்குத் திறக்கும். “ஒன்பதுன்னா எட்டரைக்கே வரிசை வளைஞ்சுடும். நாம எட்டுக்கு அங்க இருக்கணும்.” எட்டுக்கு இருக்க வேண்டுமானால் பெருங்களத்தூரை ஏழரைக்குள் தாண்ட வேண்டும். அங்கே எப்போதும் நெரிசல், ஆகவே ஏழு. தாம்பரத்தில் ஒரு கால் மணி போட்டுக்கொள்; ஆறே முக்கால். மயிலாப்பூரிலிருந்து தாம்பரம் ஒரு மணி நேரம்; கிண்டியில் என்ன நடக்கும் என்று யார் கண்டார்கள்; ஆகவே ஐந்தேகால். ஏழு பேர் குளிக்க வேண்டும், இருப்பது ஒரே கீசர், ஆகவே மூன்றரை. வழியில் ஓட்டலில் கூட்டமாக இருக்கும் என்பதால் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும், ஆகவே இரண்டரை. மூன்றரை மணி எல்லோருக்கும் உரியது. இரண்டரை மணி யாருக்கு என்பதைக் கணக்குப் போட்டவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது பெரியம்மாவுக்கு.

விடிகாலைச் சாலையில் எந்த நெரிசலும் இருக்காது. எனவே வண்டி ஆறேகாலுக்கே வண்டலூர் வாசலில் நிற்கும். பகல் சாப்பாட்டுக்கென்று கட்டிய புளியோதரை ஆறரை மணிக்குக் காருக்குள்ளேயே தீர்ந்துபோகும். ஒன்பது மணிக்கு முதல் ஆளாக உள்ளே போன பெருமையில் இவர் பதினொரு மணி வரை நிம்மதியாக இருப்பார். அதன்பின் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். கூட்டம் வருவதற்கு முன் வருவது கொள்கையின் முதல் பாதி மட்டுமே. கூட்டம் கிளம்புவதற்கு முன் கிளம்புவது மறு பாதி. வெள்ளைப்புலி இருக்கும் திசையில் குழந்தைகள் ஓடும்போது, “பார்க்கிங்ல வண்டியை எடுக்க முடியாது” என்ற குரல் கேட்கும். புலி அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

ஓர் ஆண்டு இவர் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. யாரும் வர மாட்டார்கள் என்பது கணிப்பு. வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கணிப்பு பலித்தது, வாசலில் ஒருவர்கூட இல்லை.

மார்கழி விடிகாலையே இவருக்கு ஏற்றது என்பதால் பாபநாசம் சிவன் காலத்திலிருந்து மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்துவரும் பஜனையால் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு சபாவில்தான். மியூசிக் அகாடமி, 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் தோன்றியது. அங்கு மட்டுமின்றிப் பல சபாக்களிலும் பிற்பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. வளரும் கலைஞர்கள் நன்றாகவே பாடுவார்கள். நாற்காலிகள் காலியாக இருக்கும். இவர் கச்சேரியைத் தேர்ந்தெடுப்பது அந்த நாற்காலிகளைப் பார்த்து. பாடுபவர் யார் என்பது உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ரசிகர்களில் ஒரு சாரார் தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள். மிருதங்கக்காரருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. அந்த அவமரியாதையை இவர் ஒருபோதும் செய்வதில்லை. அவர்களுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று நிரவல் நடுவிலேயே எழுந்துவிடுவார். கேன்டீனில் இவருக்குக் கிடைக்கும் பதில் எல்லா சபாவிலும் ஒன்றுதான்: “கல்லு இன்னும் காயலை சார்.” கல் காய்ந்து, முதல் தோசை வார்த்து, அது ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருவதற்குள் கூட்டம் வந்துவிடும். அந்தப் பிய்ந்த தோசை இவருடைய தட்டில் விழும்.

கிறிஸ்துமஸ் குடிலைப் பார்க்கச் சாந்தோம் தேவாலயத்துக்கும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கும் இவர் குடும்பத்தை 22-ஆம் தேதியே அழைத்துப் போவார். வைக்கோல், இடையர்கள், ஆடுகள், ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்கள் எல்லாம் வைத்திருப்பார்கள். நடுவில் தொட்டில் காலியாக இருக்கும். குழந்தை இயேசுவை 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலியின்போதுதான் வைப்பது பல கோவில்களின் வழக்கம். “பாப்பா எங்க தாத்தா?” என்று பேத்தி கேட்டால், “நாளன்னிக்குப் பொறக்கும். அப்ப வந்தா உள்ள நுழைய முடியாது” என்பார்.

புத்தாண்டு வாழ்த்தை 31-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கே சொல்லி முடித்துவிடுவார். பன்னிரண்டு மணிக்கு லைன் கிடைக்காது. ஜனவரி முதல் தேதி கோவிலுக்குப் போகும் வழக்கத்தையும் 31-ஆம் தேதி மாலையிலேயே நிறைவேற்றுவார். தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனால் ராட்டினத்துக்கு விளக்குப் போட்டிருக்க மாட்டார்கள். டெல்லி அப்பளக் கடையில் எண்ணெய் அப்போதுதான் சட்டியில் ஊற்றப்படும். புத்தக விற்பனையாளர்–பதிப்பாளர் சங்கமான பபாசி 1977-இலிருந்து நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முதல் நாளே போய்விடுவதால், நந்தனத்தில் இவர் அதிகம் பார்த்திருப்பது பிரிக்காத அட்டைப்பெட்டிகளை. விலைப்பட்டியல்களை வாங்கிக்கொண்டு வருவார். வீட்டில் ஒரு பை நிறைய விலைப்பட்டியல்கள் இருக்கின்றன.

இவ்வளவையும் மன்னிக்க வைக்கும் நாள் ஒன்று உண்டு. அது வைகுண்ட ஏகாதசி. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலில் பரமபத வாசல் விடியுமுன் திறக்கும். இவர் முதல் நாள் இரவு பத்தரைக்கே போய்விடுவார். அங்கே இவரைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே நிற்பதால் கூட்டத்துக்கு முந்தும் நோக்கம் நிறைவேறாது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பாட்டியைத் தடுப்புக் கட்டையோரம் உட்கார வைத்து, அந்த அம்மாள் மேல் யாரும் சாயாமல் விடிய விடியக் குறுக்கே நின்றுகொண்டிருப்பார். கதவு திறந்ததும் பாட்டியை முன்னால் விட்டுவிட்டு இவர் பின்னால் போவார். அன்று இவர் வாயிலிருந்து பார்க்கிங் பற்றி ஒரு வார்த்தை வராது.

வரிசையில் கடைசி காணும் பொங்கல். லட்சக்கணக்கானோர் மெரினாவுக்கு வருவார்கள். கடலில் யாரும் இறங்காதபடி போலீஸார் தடுப்பு கட்டியிருப்பார்கள். குழந்தைகள் தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காகப் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையை மணிக்கட்டில் கட்டி அனுப்புவார்கள். இந்த ஏற்பாட்டை இவர் மனமாரப் பாராட்டுவார். போலீஸாருக்குத் தோன்றுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, தம் வீட்டுக் குழந்தைகளின் முழங்கையில் பால்பாயின்ட் பேனாவால் வீட்டு நம்பரை எழுதியவர் இவர். அத்தனைக்கும் பிறகு அவர்களை மெரினாவுக்குக் கூட்டிப்போவது காலை ஐந்தரைக்கு. சுண்டல் வெந்திருக்காது. பலூன் சுடும் கடை தார்ப்பாய்க்குள் தூங்கும். ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், வீடு திரும்பியாகிவிடும். காணும் பொங்கலன்று மெரினாவில் பார்க்க வேண்டியது கூட்டத்தைத்தான். கடல் மற்ற 364 நாளும் அங்கேயே இருக்கிறது.

இவரால் மிச்சமான நேரம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. போன தூக்கம் யாருடையது என்பது தெரியும். பெரியம்மா இரண்டரைக்கு எழுந்து ஏழு பேருக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கிளறி, வற்றல் வறுத்து, பிளாஸ்க்கில் காபி ஊற்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறார். சிங்கம் பார்க்கப் போன இடத்தில் காரின் பின்சீட்டில் தூங்கிப்போகிறார். திரும்பி வந்து பாத்திரம் தேய்க்கிறார். அவரைக் கூட்டத்திலிருந்து காப்பாற்றியதாகத்தான் குடும்பத்தில் பேச்சு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஆகவே இப்படி ஒரு பெரியப்பா உள்ள வீடுகளில், அடுத்த மார்கழி பிறப்பதற்கு முன் ஒன்று செய்யலாம். கணக்கு அவர் போடட்டும். புளிக்காய்ச்சலையும் அவரே காய்ச்சட்டும். புளி கொதித்துச் சுண்டி நல்லெண்ணெய் பிரியும்வரை பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். ஒரு தடவை இரண்டரை மணிக்கு அதைக் கிளறிப் பார்த்துவிட்டால், வண்டலூர் பூங்கா காலையில் திறந்த பிறகு சாயங்காலம்வரை மூடுவதில்லை என்பது அவருக்கே நினைவுக்கு வரும்.