தமக்கைக்கு எழுதிய கடிதங்கள்

கேள்வி: ஜேன் ஆஸ்டின் தம் தமக்கை கஸாண்ட்ராவுக்கு எழுதிய கடிதங்களில் துணி விலையும் விருந்தாளிகளுமே நிறைந்திருக்கின்றனவே, இலக்கியம் எங்கே?

பதில்: துணி விலையில்தான்! 1840-க்கு முன் இங்கிலாந்தில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே, தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பச் செலுத்த வேண்டியிருந்தமையால், மஸ்லின் வாங்கியது, கடற்படைச் சகோதரர்களின் க்ஷேமம், அண்ணிமாரின் பிரசவம் முதலிய சகல சமாசாரங்களையும் ஒரே தாளில் நெருக்கி எழுதிய அந்தக் கை, ஒற்றை வாக்கியத்தில் ஒரு மனிதரை நிறுத்திக் காட்டும் வித்தையை அங்கேதான் அப்பியசித்தது என்பது என் திடமான அபிப்பிராயம். தங்கை 1817-இல் காலமான பிறகு, கஸாண்ட்ரா பல கடிதங்களை எரித்துவிட்டார். ஜேனின் கடிதங்களில் சுமார் 160 மட்டுமே எஞ்சின. நெஞ்சு பதைக்கிறது, ஆயினும், தமக்கென்று வந்ததை ஊரார் படிக்கலாகாதென்று எண்ணிய அந்தப் பாசத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.