காம்பவுண்டு மாமா

பொட்டிபுரத்தில் பொழுது சாய நாலு தூறல் விழுந்தால் ஊர்ச்சனம் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடும்; காம்பவுண்டு மாமா டார்ச் எடுக்க ஓடுவார். போடி வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு மாமா இப்படி உண்டு. ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறி இறங்கியே இடுப்பு தேய்ந்தவர். இப்போது வீட்டுக் கொல்லையில் ரெண்டு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, தொட்டியில் பிழைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஏலச்செடி ஒன்று. இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'எஸ்டேட்'.

எஸ்டேட்டுக்குள் நத்தை புகுந்த ராத்திரி மாமாவுக்குச் சோறு இறங்காது. வந்திருப்பது நம் வயல் நத்தையல்ல. உள்ளங்கை நீளம் வளரும் ஆப்பிரிக்கப் பெருநத்தை. பப்பாளிக் கன்று, வாழைக் குருத்து, செண்டுப்பூ எதையும் விடாது. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம். அதனால் வெள்ளையடித்த சுவரையும் சுரண்டும். தீபாவளிக்குக் கூலி கொடுத்து அடித்த சுவர் கண்ணெதிரே காணாமல் போவதை எந்தக் கணக்குப்பிள்ளை பொறுப்பார்?

ஆனாலும் மாமா கொல்ல மாட்டார். "பாவம்ப்பா, வாயில்லாச் சீவன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக்கு வாய் இருப்பதால் அந்தக் கணக்கு வேறு. அடுப்படியிலிருந்து அத்தைக்குத் தெரியாமல் எடுத்து வந்த இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பார். இடம் பார்ப்பார், வலம் பார்ப்பார், டார்ச்சை அணைப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் 'பொத்' என்று ஒரு சத்தம். வாயில்லாச் சீவனுக்குப் புது வீடு கிடைத்துவிட்டது. வீசுவதில் கைப்பக்குவம் உண்டு: பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையில் படவே படாது. பட்டால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமே.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கோலப்பொடியோடு நிற்பாள்.

"என்ன மாமா, ராத்திரி எங்க கொல்லையில மட்டும் பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சு?"

"ஆலங்கட்டியா இருக்கும் தாயி."

"ஆலங்கட்டிக்குக் கொம்பு மொளச்சிருக்கே மாமா!"

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. முறத்தில் அள்ளி அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். ஒரு தடவை அவள் மகள், குறும்புக்காரி, விழுந்த நத்தை ஒன்றின் ஓட்டில் சிவப்பு நகப்பாலிஷ் தொட்டு வைத்துவிட்டாள். அது தெருவில் இருக்கிற காம்பவுண்டு ஒன்று விடாமல் பறந்து, கடைசியில் மாமாவின் பப்பாளி மூட்டிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. மாமா அசரவில்லை. "பொட்டு வச்சிருக்கு, பொம்பள நத்தை போல" என்றார். பாதி சரி. இந்த இனத்தில் ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான். ஒரு ஈட்டுக்கு நூறு, இருநூறு முட்டையை மண்ணுக்குள் இட்டுவிட்டுப் போகும். மழை நின்றால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். அந்த நாள்களில்தான் மாமா தன் ஒழிப்பு நடவடிக்கை பற்றி டீக்கடையில் பேசுவது.

ஊருக்குப் பக்கத்திலுள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்ததும் ஊர் எதிர்த்து நின்றதும் எல்லோருக்கும் தெரியும். அந்த நியூட்ரினோ யார் தயவும் இல்லாமல் மலையையே ஊடுருவிப் போய்விடும். நத்தைக்கு அப்படி முடியாது. ஊர் விட்டு ஊர் போக யாராவது ஒரு மாமா வேண்டும்.

மாமாக்களின் வம்சம் பெரிது. 1847-ல் வில்லியம் பென்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மொரீஷியசிலிருந்து உயிர் நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது நண்பர் கையில் கொடுத்தார். நண்பர் சௌரங்கியில் தோட்டத்தில் விட்டார். இந்தியாவுக்கு இந்த நத்தை வந்த கதை அதுதான். 1966-ல் ஒரு பையன் ஹவாயிலிருந்து மூன்றே மூன்றை மயாமிக்குக் கொண்டுபோக, அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழே வருஷத்தில் பதினெட்டாயிரம். ஒழித்து முடிக்க 1975 வரை ஆயிற்று. செலவு பத்து லட்சம் டாலர். பாட்டியும் வாயில்லாச் சீவன் என்றுதான் நினைத்திருப்பாள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் இந்த நத்தை 1970-களில் பாலக்காட்டில் தலைகாட்டி, மண்ணோடும் மரத்தடியோடும் நாற்றோடும் லாரியேறி மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சேர்ந்தது.

எப்போதாவது மாமாவுக்கு வீரம் வந்தால் உப்பைக் கையில் எடுப்பார். செடி மூட்டில் படி படியாய்க் கல்லுப்பைக் கொட்டுவார். நத்தையோடு கறிவேப்பிலையும் கருகிப் போகும். இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் ரசத்துக்கு நாங்கள் அங்கேதான் கிள்ளுவோம்.

இத்தனைக்கும் தோட்டத்தில் தெளிக்கும் போர்டோ கலவைக்காக வருஷா வருஷம் மயில்துத்தம் கரைத்த கை அது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் சொன்ன முறையிலும் அதே துத்தம்தான்: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு லிட்டரில் கரைத்த 60 கிராம் துத்தத்தோடு கலந்து நத்தைமேல் தெளிக்க வேண்டும். அதுகூட வேண்டாமென்றால் ஈரச்சாக்கை விரித்து, உள்ளே பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் போட்டு வைத்தால் போதும். விடியற்காலை அத்தனையும் அங்கேயே கூடியிருக்கும்.

ஆகவே மாமாமார்களே, வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சல் தரும் எலி நுரையீரல் புழு நத்தையின் உடம்பில் இருக்கலாம். கையுறை மாட்டிப் பொறுக்குங்கள். உப்பை மண்ணில் கொட்டாமல் வாளித் தண்ணீரில் கரைத்து, பிடித்ததை அதில் போட்டு, செத்தபின் ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். அங்கே நாங்கள் குடியிருக்கிறோம்.