மிளகுப் படலம்: பைத்தானில் பெயர் குடியிருக்கும் இடம் குறித்த ஓர் ஆராய்ச்சி

இலங்கையில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பைத்தான் பாடத்தில் உண்டு. மாத்தளைப் பிள்ளைகளும் விலக்கல்லர். அவர்களுள் பலரின் ராத்தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு பிழைச்செய்தியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாறி மிளகு. அது மாத்தளைக்கு உரிய சரக்கு; மேலும் 2008இல் வந்த பைத்தான் 3.0 முதல் மாறிக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம். (தட்டச்சு செய்பவர் முகம் சுளிப்பார், பைத்தான் சுளிக்காது.)

கோப்பின் தலையில் ‘மிளகு = 25’ என்று எழுதுக. அதன்கீழ் ‘விற்பனை’ என்றொரு சார்பு. சார்புக்குள் ஒரே வரி: மிளகை அச்சிடுதல். ஓட்டினால் 25 வரும். இனி அவ்வரிக்குக் கீழே ‘மிளகு = மிளகு - 5’ என்று சேர்த்து ஓட்டுக. இதுவரை ஒழுங்காக ஓடிய அச்சிடும் வரியிலேயே பிழை விழும். என்னை? எனின், பைத்தான் சார்பை ஓட்டுமுன் அதை முழுக்க வாசித்துவிடுகிறது. உள்ளே எந்த மூலையிலாவது ஒரு பெயருக்கு மதிப்பு இடப்பட்டிருந்தால், முதல் வரி தொடங்கிக் கடைசி வரி மட்டும் அது உள்ளூர்ப் பெயர் என்று பதிந்துகொள்ளும்.

இதற்கு உவமை வருமாறு. றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் “கோயிலுக்குப் போயிட்டு வாரேன்” என்றால் லயத்தருகே இருக்கும் மாரியம்மனையே குறிக்கும். தோட்டத்தில் கோயில் இல்லையேல், மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் மாத்தளை முத்துமாரியம்மனைக் குறிக்கும். பைத்தானும் அப்படித்தான் உள்ளிருந்து வெளியே தேடும்: சார்பு, அதைச் சூழ்ந்த சார்பு, கோப்பு, கடைசியில் மொழியோடு பிறந்த பெயர்கள். இதுவரை வழக்கில்லை. ஆனால் மாலையில் தோட்டத்திலேயே கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்போவதாக அறிவித்துவிட்டார்கள் என்று வையுங்கள். காலையில் மாத்தளை பஸ்ஸுக்கு நிற்கும் பாட்டியைப் பைத்தான் மறிக்கும்.

“நம்ம தோட்டத்துலயே கோயில் வருது பாட்டி, அங்க ஏன் போறீங்க?”

“சரி தம்பி, கோயில் எங்க?”

“இன்னும் கட்டல.”

தீர்வு எளிது: சார்பின் முதல் வரியில் ‘குளோபல் மிளகு’ என்க. ஆயினும் மிளகு ஒரு பட்டியலாக இருந்தால் ‘அப்பெண்ட்’ போட்டு அதில் எதையும் சேர்க்கலாம். குளோபல் தேவையில்லை, ஏனெனில் அங்கே பெயருக்குப் புதிதாக எதுவும் இடப்படவில்லை. அதையே ‘+=’ கொண்டு சேர்த்தால் மறுபடி பிழை. மாணவர் இரண்டாம் முறை கலங்கும் இடம் இது.

பைத்தானின் இவ்வழக்கம் வழு என்பார் ஒரு சாரார். வழுவமைதி என்பார் மறுசாரார். கட்டுரையாளர் பின்னவர் கட்சி. கண்டிப்பு முறை பூட்டாத ஜாவாஸ்கிரிப்டில், அறிவிக்க மறந்த மாறிக்குச் சார்புக்குள் மதிப்பிட்டால் அது சத்தமில்லாமல் பொதுமாறியாகிவிடும். அதைவிடக் கத்திச் சொல்லும் பிழை மேல்.

இனிப் பொதியியல், அதாவது மொடியூல்களின் பெயர் பற்றி. தாயம் உருட்டும் நிரல் எழுதும் மாணவர் எழுந்தமானமாக எண் வேண்டி ‘ரேண்டம்’ மொடியூலை அழைப்பார். தம் கோப்புக்கும் ‘ரேண்டம்’ என்றே பெயர் வைத்திருப்பார். பைத்தான் மொடியூலைத் தேடும்போது நிரல் இருக்கும் கோப்புறையைத்தான் நூலகத்துக்கு முன்னே பார்க்கும். ஆகவே நிரல் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு, பாதி ஏறிய நிலையில், அப்படியொரு பண்பு தன்னிடம் இல்லை என்று முறையிடும். மாணவரோ பைத்தானை அழித்து மறுபடி நிறுவுவார். பிழை போகாது.

2024இல் வந்த 3.13ஆம் பதிப்பு, கோப்புக்கு நூலக மொடியூலின் பெயரே இருக்கிறது, மாற்றிப் பாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் கணினியில் அதற்கு முந்திய பதிப்பு இருந்தால் சொல்ல ஆளில்லை. கோப்புக்குத் தாயம் என்றே பெயர் வையுங்கள்.