பக்கத்துச் சீட்டுக்கு ஒரு டாலர்

வா கண்ணு, உக்காரு. டல்லாஸ்ல இருந்து வந்தவன் உன்ற அம்மா காப்பி ஆத்தறதுக்குள்ள சங்கதியக் கொட்டிப்போட்டியே. மஸ்டாங் வாங்கி வருசம் திரும்பல. அதுக்குள்ள அதுக்குச் சூப்பர்சார்ஜர் மாட்டறதா, இல்ல பந்தயத்துக்குன்னே கட்டின டிராக் கார் ஒண்ணு வாங்கறதாங்கற. பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீ இத்தன ரோசனை பண்ணலியே!

பொறியியல் படிச்ச உனக்கு ரேக்ளா உட்ட கெழவன் என்னத்தச் சொல்றதுன்னு நெனைக்காத. நாங்க காளைக்குப் பல்லுப் பாத்து 200 மீட்டர், 300 மீட்டர்னு உடுவோம். உங்க ஊர்க்காரன் கால் மைல், 402 மீட்டர்ங்கறான். நேர்ரோடு, கடியாரம், அவ்வளவுதான் ரெண்டும். ஏர்ல பூட்டற மாட்ட ரேக்ளாவுல பூட்டினவன் எங்க பக்கமும் இருந்தான். ஓட்டமும் வரல, உழவும் கெட்டுது.

மஸ்டாங்கோட 480 குதிரை உனக்குப் பத்தல. சரி. சூப்பர்சார்ஜர் வெச்சா 700ஐத் தாண்டும்னு கடைக்காரன் சொல்றான். நெசந்தான். அவன் சொல்லாம உட்டதையும் கேளு. காத்து எச்சா உள்ள போனா பெட்ரோலும் எச்சா போகோணும். பம்பை மாத்து, இஞ்செக்டரை மாத்து. அந்தச் சக்தி டயருக்குப் போற வழியில கிளட்ச் வழுக்கும், அதை மாத்து. கிளட்ச் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா பின்னால ஆக்சில் முறுக்கிக்கிட்டு ஒடியும். ஆக்சிலும் தாங்கிட்டா டயர் நின்ன எடத்துலயே புகையும், மெத்துன்னு இருக்கற ஸ்லிக் டயரைப் போடுன்னுவான். ஒவ்வொரு சாமானும் அடுத்ததக் காட்டிக் குடுக்கும். எஞ்சினுக்குள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா, வாரண்டிய எடுத்துக்கிட்டு நீ கம்பெனி வாசல்ல நிக்கறதோட சரி.

இன்னும் வெசை கூடினா ரோல் கேஜ் வைக்கச் சொல்லுவாங்க. ஹெல்மெட் போட்டு, பெல்ட்ட இறுக்கி ஓட்டறவனுக்கு அந்த இரும்புக் குழாய் உசுரைக் காக்கும். வெறுந்தலையோட ஆபீசுக்குப் போறப்ப எவனாச்சும் வந்து இடிச்சான்னா, உன்ற மண்டை போய் மோதறதும் அதே குழாயிலதான்.

டாட்ஜ்காரன் 2018 மாடல்ல டீமன்னு ஒண்ணு உட்டானே, ரேஸ் பெட்ரோல் ஊத்தினா 840 குதிரை. எடையக் குறைக்கறேன்னு பக்கத்துச் சீட்டையே எடுத்துப்போட்டான். வேணும்னா ஒரு டாலர் குடுத்து மாட்டிக்கன்னான்! சம்சாரம் கூட வர்றதுக்கு இத்தன சல்லிசா எவனும் வெல போட்டதில்ல. அந்த வண்டி 9.65 செகண்டுல ஓடுச்சு. ரோல் கேஜ் இல்லாம இந்த வெசையில எங்க பந்தயத்துக்கு வராதேன்னு, டிராக் பந்தயம் நடத்தற என்எச்ஆர்ஏ கடுதாசி போட்டுது. கம்பெனிக்காரன் அதையே விளம்பரம் பண்ணிக்கிட்டான். நீ சீட்டைக் கழட்டினா ஊட்டுல என்ன நடக்கும்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ரெண்டாவது ரோசனையும் சும்மா வராது. ஃபோர்டே டிராக்குக்குன்னு கோப்ரா ஜெட் மஸ்டாங் கட்டி வித்துது. 2018ல கட்டினது 68 வண்டி, ஒண்ணு 1,30,000 டாலர். எட்டரை செகண்டுல ஓடும், ஆனா ரோட்டுல எறக்கக் கூடாது. 402 மீட்டர் ஓட்டறதுக்குப் பந்தயத் தடம் இருக்கற எனிஸ் வரைக்கும் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போகோணும். டிரெய்லரை இழுக்க ஒரு பிக்கப், ரெண்டையும் நிறுத்த எடம். சீட் பெல்ட்டைக்கூட ரெண்டு வருசத்துக்கொருக்காப் புதுப்பிக்கோணும்.

எனிஸ்னதும் நெனப்பு வருது. 1986ல தொறந்த அந்த மோட்டார்பிளெக்ஸுக்கு நீதான் என்னைக் கூட்டிட்டுப் போனே. நீ சத்தம் பெருசா வந்த வண்டிகளையே பாத்துக்கிட்டிருந்தே, நான் பிராக்கெட் பந்தயத்தப் பாத்தேன். என்ற வண்டி இத்தன செகண்டுல ஓடும்னு முன்னாலயே கண்ணாடியில எழுதிப்போடோணும். மெதுவான வண்டிக்கு முதல்ல பச்சை விளக்கு எரியும். எதிராளி ஒழுங்கா ஓடி, நீ எழுதினத உட வெசையாப் போயிட்டா, நீ தோத்தே! இதுல சொன்ன சொல்லுக்கு ஓடற வண்டிதான் செயிக்கும். பழைய நோவா கார்ல வந்த கெழவன் ஒருத்தன் பளபளன்னு வந்தவனையெல்லாம் வரிசையா ஊட்டுக்கு அனுப்பினான். என்ற வயசுதான் இருக்கும்.

அதனால சொல்றேன். வீதியில நாலு பேர் திரும்பிப் பாக்கோணும்னா மஸ்டாங்க அப்படியே உடு. உன்ற சைலன்சர் சத்தத்துக்கு இப்பவே வெஞ்சுக்கிட்டுத் திரும்பத்தான் செய்யறாங்க. 402 மீட்டர் ஓடோணும்ங்கற ஆசைன்னா, எவனோ காசையும் ஊட்டு நிம்மதியையும் செலவழிச்சுக் கட்டி முடிச்ச பழைய பிராக்கெட் காரை வாங்கு. போட்ட காசு திரும்பாதுன்னு தெரிஞ்சேதான் அவன் விப்பான். புதுசாக் கட்டாத. கோப்ரா ஜெட் பக்கம் தலை வெச்சும் படுக்காத.

அதுக்கும் முன்னால ஒண்ணு பண்ணு. ஒரு திருகாணி மாத்தாம, டயர்ல காத்து மட்டும் பாத்துக்கிட்டு, அவனவன் வண்டிய ஓட்டிப் பாக்கற டெஸ்ட் அண்ட் டியூன் நடக்கற ராத்திரி மஸ்டாங்க எனிஸுக்குக் கொண்டு போ. ஓட்டத் தெரிஞ்சவன் கையில 12 செகண்டுக்குப் பக்கத்துல ஓடற வண்டி அது. உனக்கு 14 வந்துச்சுன்னா கோளாறு எஞ்சின்ல இல்ல கண்ணு. அங்க நேரம் போட்டுக் குடுக்கற துண்டுக் காயிதத்தப் படம் புடிச்சு எனக்கு அனுப்பு. உன்ற பொண்டாட்டிக்கு அனுப்பிப்போடாத.