பச்சை முகம் பழசாகுமா?

கே: ஜிம் கேரியின் தொண்ணூறுகளின் படங்களை இப்போது பார்த்தாலும் சிரிப்பு வருகிறதா?

ப: வருகிறது, தவணை முறையில். 1994 என்ற ஒரே வருஷத்தில் 'ஏஸ் வெஞ்சுரா', 'தி மாஸ்க்', 'டம் அண்ட் டம்மர்' என்று மூன்று படங்கள்! 'மாஸ்க்'கின் கணினி வித்தைகள் கிழடுதட்டிவிட்டன. பச்சைச் சாயத்துக்கு அடியில் நெளியும் மனிதத் தசை மட்டும் அப்படியே இருக்கிறது. 'டம் அண்ட் டம்மர்' இன்றும் வயிற்றைப் பதம்பார்க்கிறது. ஆனால் பேதி மருந்து குடித்துவிட்டுக் கழிவறையில் கேரியின் சக நடிகர் ஜெஃப் டேனியல்ஸ் படும் பாடுதான் அதில் உச்சம். கேரி ரசிகர்கள் மன்னிக்கவும்! 'ஏஸ் வெஞ்சுரா' கிளைமாக்ஸில் திருநங்கையரை அருவருப்பாகக் காட்டும் இடம் வந்தால் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. அதே படத்தில் கேரி பின்புறத்தால் பேசுகிற காட்சிக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒருவர் உருண்டு சிரித்தார். அவருக்கு ஆறு வயது.